நாசி கண்டாரும் நம் மலை ஏலமும்

மாலை மயங்கும் வேளையில் தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலைச் சரிவு நீலம் பூத்துத் தோன்றும். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் சென்ற நம் பெண்மக்கள் அவ்வேளையில்தான் இறங்கி வருவர். அவர்தம் விரல்களில் ஏறிய மணம் எத்தனை முறை கழுவினாலும் எளிதில் போவதில்லை. அவர்கள் எடுத்த காய் தோட்டத்து ஸ்டோர்களில் உலர்ந்து, போடிநாயக்கனூரில் ஏலம் கூறப்பட்டு (ஏலத்துக்கே ஏலம் என்பது தமிழ் நமக்குத் தந்த சிலேடை), தரம் பிரிக்கப்பட்டு, மூட்டைகளாகி எங்கெங்கோ செல்கிறது. எந்த ஊரின் எந்த உலையில் அது விழுகிறது என்பதைப் பறித்த கை அறியாது. உண்பவரும் பறித்த கையை அறியார். இவ்விரு அறியாமைகளையும் ஒருங்கே கண்ட ஓர் அனுபவத்தையும், அதன்வழி எனக்குத் தோன்றிய கருத்தையும் இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களிடமும் பெரியோர்களிடமும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

உண்பதற்கென்றே பயணம் செய்வது இன்று பெருகிவருகின்றது. ஓர் ஊரின் கோவிலையும் கோட்டையையும் காணச் சென்ற காலம் போய், அவ்வூரின் சோற்றையும் குழம்பையும் தேடிச் செல்லும் காலம் வந்துள்ளது. நம் பகுதி இளைஞர்களும் திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து பினாங்குக்குப் போய், மலாய் உணவும் சீன உணவும் உண்டு திரும்புகின்றனர். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பல நாள் கடலில் கழித்துப் பினாங்கில் இறங்கிய தலைமுறை, பிழைப்புக்காகப் போயிற்று. இவர்கள் நாவுக்காகப் போகின்றனர். இதனை வீண் செலவு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. பிறர் உண்பதை அறிய விரும்புவது பழிக்கத்தக்கதன்று. 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அங்கு வந்தவர். பின்னர்ச் சீனம் வரை சென்றவர். சென்ற இடமெல்லாம் என்ன உண்டார்கள், எப்படி உண்டார்கள் என்பதைக் குறித்து வைத்தார். சீனத்துச் சேவலை அவர் முதன்முதல் கண்டது நம் மலைக்கு மேற்கேயுள்ள கொல்லத்தில்தான். அதன் பருமனைக் கண்டு தீக்கோழியோ என மயங்கியதாகத் தாமே எழுதுகின்றார். சீனம் சென்றபின், விலைக்கு வாங்கிய ஒரு கோழி ஒரே பானையில் அடங்காமல் இரு பானைகளில் சமைக்க நேர்ந்ததையும் மறவாமல் குறிக்கின்றார். அறிஞர் ஒருவர் கோழிக்கு இத்துணை இடம் தருவாராயின், நம் இளைஞர் தட்டு நூடுல்ஸைப் படம் எடுப்பதைக் கடிந்து என்ன பயன்?

என் குறை வேறு. உணவைத் தேடிச் செல்வோர் பெயரைத் தேடுகின்றனர், சுவையைத் தேடுகின்றனர். அதனைச் சமைக்கும் கையைத் தேடுவதில்லை.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் என் மகளின் அழைப்பின்பேரில் நானும் என் துணைவியாரும் மலேசியா சென்றோம். பினாங்கில் உண்ண வேண்டியவை என ஒரு நீண்ட பட்டியலை மருமகன் எழுதித் தந்திருந்தார். புளியும் மீனும் இஞ்சிப்பூவும் சேர்ந்த ஆசாம் லக்சா, வெள்ளரியும் பயறுமுளையும் பொரித்த பலகாரமும் கலந்து சர்க்கரைவள்ளிக் குழம்பூற்றிய பசெம்பூர், ஆட்டுக்கால் சூப், ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய தே தாரிக். இவற்றுக்கெல்லாம் முதலாவதாக, இரு கோடிட்டு, நாசி கண்டார் என்று எழுதியிருந்தார்.

நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. நம் காவடித் தண்டு போன்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து சென்ற முஸ்லிம்கள் தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பாத்திரமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்க்குத் தெருத்தெருவாக விற்ற சோறு ஆதலின் இப்பெயர் வந்தது. பினாங்கின் மிகப் பழைய நாசி கண்டார்க் கடை எனப் போற்றப்படும் ஹமீதியாவைத் தொடங்கியவர் முகமது தம்பி ராவுத்தர், ஆண்டு 1907. ராவுத்தர் என்றதும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் பெரியவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரக்கூடும், உட்காரட்டும்.

அச்சோற்றின் சிறப்பு ஒரு குழம்பில் இல்லை. மீன், ஆடு, கோழி, கணவாய் என ஐந்தாறு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றுவர். அதற்குப் 'பாஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்று பொருள். குழம்புகளைத் தனித்தனியே காத்துண்ணும் நம் வழக்கத்துக்கு இது முதலில் ஒவ்வாததுபோல் தோன்றும். இரண்டாம் கவளத்தில் அந்த எண்ணம் மாறிவிடும். தாளிதத்தில் நான்கு பொருள்கள் தவறாமல் சேரும்; மலாய் மக்கள் அவற்றை நான்கு தோழர்கள் என்னும் பொருள்பட 'எம்பாட் செகாவான்' என்று அழைக்கின்றனர். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஏலம் என்பனவே அந்நால்வர். அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனமும் அதனை அடுத்த வியட்நாமும். ஏலத்தின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. சீனமும் தேவாரத்து மேற்குச் சரிவும் ஒரு மலாய்ப் பானையில் தோழர்களாகிவிடுகின்றன என்று எண்ணி நான் மகிழ்ந்திருந்தேன். இன்று உலகச் சந்தைக்கு ஏலத்தை மிகுதியாக அனுப்புவது குவாத்தமாலா என்பதால், அப்பானையில் இருந்தது நம் மலைக்காயே என்று சத்தியம் செய்ய இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் சென்ற கடையின் பெயர் இங்கே வேண்டா. வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது, நான் துணைவியாரிடம் பேசியதைக் கேட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த இளைஞர் கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"சார், நீங்க கம்பம் பக்கமா?"

"தேவாரம்" என்றேன்.

"நான் கோம்பை சார்" என்றவர், அடுத்துக் கேட்டது ஒன்றே. "மேல மழை விட்டிருச்சா சார்?"

அவ்வாண்டு ஆகஸ்டுப் பெருமழையில் இடுக்கி மலைகளில் மண் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டு, தோட்ட வேலை முடங்கிக் கிடந்தது. அவருடைய தாயார் அம்மலையில் காய் எடுப்பவர். மழை விட்டால்தான் ஜீப் ஏறும். ஜீப் ஏறினால்தான் கூலி. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தமையால் பேச்சு அத்தோடு நின்றது. மறுநாள் காலை, பணி முடிந்து அவர் உறங்கப் போகுமுன் அரை மணி நேரம் பேசினோம். மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை நின்றபடி வேலை. கடவுச்சீட்டு முதலாளியிடம். ஊற்றுவது மட்டுமின்றி, குழம்பு கூட்டுவதும் அவரே. மூன்றாண்டுகளில் கற்றுத் தேர்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த செய்தித்தாள் நறுக்கு ஒன்று அக்கடையின் ஆட்டுக் குழம்பை 'பினாங்கின் மரபு மாறாச் சுவை' என்று புகழ்ந்திருந்தது. அதனைக் காட்டி அவர் சிரித்தார். அந்த மரபு கோம்பையிலிருந்து வந்து சமைக்கிறது என்பது எழுதியவர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இங்குதான் என் கருத்தைக் கூற வேண்டும். 2016 முதல் பினாங்கு மாநிலத்தில், அம்மாநிலத்தின் பெயர்பெற்ற தெருக்கடை உணவுகளை அயல்நாட்டார் தலைமைச் சமையலராக நின்று சமைக்கலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. 2018இல் மலேசிய மனிதவள அமைச்சர், அடுத்த ஆண்டு முதல் உணவகங்களில் உள்நாட்டாரே சமையலராக இருத்தல் வேண்டும் என்றார். எதிர்ப்பு எழவே அது கட்டாயமில்லை என்று விளக்கப்பட்டது. 2023இல் நாசி கண்டாரையும் பினாங்கின் தடைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிய பேச்சு எழுந்தது. இவற்றின் நோக்கம் உணவின் மரபுத்தன்மையைக் காப்பது என்கின்றனர்.

அந்நோக்கத்தை நான் இகழவில்லை. தேடி வருவோர் தாம் தேடியதைப் பெற வேண்டும். உள்ளூரார் தம் தொழிலை இழத்தலாகாது. குறைந்த கூலிக்கு ஆள் கொணர்ந்து பாட்டன் தொழிலைப் பேரனிடமிருந்து பறிக்கும் முதலாளிகளும் எங்கும் உளர். ஆயினும், நாசி கண்டாருக்கு இவ்வாதம் பொருந்துமா என்பதே என் வினா. 1907இல் இவ்விதி இருந்திருப்பின் அவ்வுணவே பிறந்திராது. கப்பலிறங்கியவர் சுமந்த தண்டு அது. அயலார் ஆக்கித் தந்த ஒன்று மூன்று தலைமுறைக்குள் மண்ணின் மரபாகி, பின்னர் அதே ஊர்களிலிருந்து வரும் அயலாரை விலக்குவதற்குக் காரணமும் ஆகின்றது. மரபு என்பது கடவுச்சீட்டில் இல்லை, பயிற்சியில் இருக்கின்றது என்பது என் துணிபு. விதி வேண்டுமெனில், நின்று சமைப்பவர் எத்தனை ஆண்டு எவரிடம் கற்றார் என்று கேட்கட்டும். கடவுச்சீட்டை அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் அவ்விதியில் சேர்த்தால் இன்னும் நன்று.

பினாங்கைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. போடியிலும் கம்பத்திலும் மாலையானால் 'சைனீஸ்' என்று பலகை மாட்டிய தள்ளுவண்டிகளைக் காண்கிறோம். பெருநெருப்பில் சட்டியைக் குலுக்கிக் காலிஃபிளவர் மஞ்சூரியன் செய்து தருகின்றனர். மஞ்சூரியா என்னும் நிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளியினரான நெல்சன் வாங் 1975இல் மும்பையில் சோளமாவில் தோய்த்த கோழியை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், சோயாவோடு சேர்த்துச் செய்த கற்பனையின் வழித்தோன்றல் அது. அவ்வண்டிகளில் இன்று நிற்போர் பலர் வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். ஏலத் தோட்டங்களிலும் அசாம், ஜார்க்கண்ட் மாநிலத்தார் மிகுந்துவிட்டனர். 'பரோட்டாவை வடக்கத்தியான் கெடுத்துவிட்டான்' என்று தேநீர்க் கடையில் நம்மவர் உரைக்கக் கேட்டிருக்கிறேன். கோம்பைப் பிள்ளையைப் பற்றிப் பினாங்கில் எவரேனும் இவ்வாறு கூறியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

சீன உணவு என்றதும் நம் சமுதாயப் பெரியோர்க்கு எழும் ஐயம் ஒன்றுண்டு; அதனைப் பேசாமல் இக்கட்டுரை நிறைவுறாது. எங்களோடு கோலாலம்பூர் வரை வந்த மூத்தவர் ஒருவர், சீன எழுத்துப் பொறித்த பலகையைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் நடப்பார். அவர் தயக்கத்தில் நியாயம் உண்டு. பினாங்கின் புகழ்பெற்ற சார் குவாய் தியாவ் என்னும் தட்டையரிசி நூடுல்ஸைச் சீனக் கடைகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பில் வறுக்கின்றனர். 'பன்றியிறைச்சி இல்லை' என்று எழுதியிருப்பது மட்டும் ஹலால் ஆகிவிடாது. அறுத்த முறையும் சமையல் மதுவும் கணக்கில் வரும். மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறையாகிய ஜாக்கிமின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், கடைக்காரரிடம் கூச்சமின்றிக் கேட்பதும் பயணிகளின் கடமை. கேட்டால் அவர்கள் மனம் கோணுவதில்லை.

ஆனால் சீனம் முழுமையும் நமக்கு விலக்கு என்பது அறியாமை. வடமேற்குச் சீனத்து லான்சோ நகரின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் ஹுய் முஸ்லிம்கள் வளர்த்த உணவு. மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்குவர். பரோட்டா மாவை வீசும் நம் மாஸ்டர்கள் அதைக் கண்டால் ஒரு நாழிகை நின்று பார்ப்பர். தெளிந்த சாறு, வெண்முள்ளங்கி, செம்மிளகாய் எண்ணெய், பசுங்கொத்துமல்லி, மஞ்சள் இழை என ஐந்தும் அமைந்தாலே அது முறையான லான்சோ நூடுல்ஸ் எனச் சீனர் கணக்கிட்டுச் சொல்வர். அத்தகைய கடை ஒன்றில் முத்திரையைக் காட்டி அம்மூத்தவரை அமர்த்தினேன். முதலில் முள்ளங்கியை மட்டும் உண்டார். பின்னர்ச் சாற்றைக் கிண்ணத்தோடு குடித்தார். ஊர் திரும்பியபின் இதனை ஏனோ எவரிடமும் அவர் சொல்லவில்லை.

தமிழ்த் துறை மாணவர்க்கு இதில் வேலை உண்டு. நாம் பருகும் தேநீரின் 'தே' சீனத்து ஃபூஜியன் கடற்கரையார் சொல். நம் மெட்டுக்கு அப்பால் மலையாளத்தார் கூறும் 'சாயா'வின் 'சா' சீனத்தின் பிற பகுதியார் சொல். ஒரே இலைக்குச் சீனம் தந்த இரு பெயர்கள் போடி மெட்டின் இருபுறமும் வழங்குகின்றன. மலாய் மொழியில் கடை 'கெடாய்'; கப்பல் 'காப்பால்'; கறி 'காரி'; கொத்துமல்லி 'கெத்தும்பார்'. இவை நாம் தந்தவை. கீழக்கரையில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் கிண்டும் தொதல், மலாய் நாட்டு 'டோடோல்'. நோன்பு துறக்கையில் நாம் உண்ணும் கடற்பாசிக்கு உலகெங்கும் வழங்கும் 'அகர் அகர்' என்னும் பெயரும் மலாய்ச் சொல்லே. இரும்புச் சட்டியைச் சீனச்சட்டி என்னும் வழக்கு நம் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. அகராதியில் ஏறாத எத்தனையோ அடுக்களைச் சொற்கள் பினாங்கு, ரங்கூன், கொழும்பு சென்று மீண்ட முதியோர் நாவில் இருக்கின்றன. வெளிநாடு சென்று உண்ணும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை; தன் தெருவில் உள்ள ஒரு பாட்டியிடம் போய் அமர்ந்து, பத்துச் சொற்களை எழுதிவரப் பேருந்துக் கட்டணம்கூடத் தேவையில்லை. ஓர் ஆண்டின் கள ஆய்வுக்கு இத்தலைப்பை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கோம்பை இளைஞர் ஊர் திரும்பிவிட்டார். இப்போது தேவாரத்தில் மாலை நேரக் கடை வைத்திருக்கிறார். நாசி கண்டார் போடவில்லை. ஐந்தாறு குழம்பு வைத்து விற்க முதல் கட்டாது என்கிறார். அவர் போடுவது மீ கோரேங் மாமாக். மஞ்சள் நூடுல்ஸும் சோயாப் பன்னீரும் சோயாச் சாறும் சீனருடையவை, அவித்த உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் நம்முடையவை, பெயர் மலாய். இம்மூன்றையும் சீனச்சட்டியில் சேர்த்தவர்கள் மலேசியத் தமிழ் முஸ்லிம்கள். மலாய் மக்கள் அவர்களை 'மாமாக்' என்று அழைப்பது நம் மாமா என்னும் சொல்லிலிருந்து வந்ததே.

தொடக்கத்தில் அவருக்கு ஒரு தொல்லை. பொட்டலத்தில் வரும் காய்ந்த நூடுல்ஸ் குழைந்துவிடுகிறது. பினாங்கின் மஞ்சள் நூடுல்ஸ் போல் பல்லில் நின்று மெல்ல வருவதில்லை. அந்த மஞ்சளும் இழுவையும் முட்டையால் வருபவை அல்ல, மாவில் சேரும் காரநீரால் வருபவை என்பது அங்கே மாவு பிசைந்த அவருக்குத் தெரியும். காரநீருக்கு எங்கே போவது? அவருடைய தாயார்தான் வழி சொன்னாராம்: அப்பளக்காரம். மளிகைக் கடையில் வாங்கி, நீரில் கரைத்து, மைதாவில் விட்டுப் பிசைந்து, இடியாப்ப அச்சில் பிழிந்து பார்த்தார், அறுந்தது. பின்னர் மாவைத் தேய்த்துக் கத்தியால் அரிந்தார், நின்றது. ஒரு நாள் காரம் மிகுந்து கசந்துவிட, அன்றைய மாவு முழுவதையும் கொட்ட நேர்ந்தது. இப்போது அளவு பிடிபட்டுவிட்டது என்கிறார்.

சென்ற மாதம் மதுரையிலிருந்து நான்கு இளைஞர்கள் ஒரு காரில் வந்து, 'தேவாரம் ஸ்பெஷல் நூடுல்ஸ்' எந்தக் கடை என்று என்னிடமே வழி கேட்டனர். காட்டினேன். படம் எடுத்துவிட்டு உண்ணுங்கள், மாவு எப்படிப் பிசைந்தார் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள் என்றேன்.